தத்தார் மொழியில் ‘என்னுடையது’

ஜெரெமியின் கையில் எட்டுப் பல் பதிந்திருந்தது. மேலே நாலு, கீழே நாலு. சம்பவப் பத்திரத்தில் அதையும் எழுதவேண்டும் என்பதால் எண்ணிப் பார்த்தேன்.

பையன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். ஐஸ் கட்டியை ஈரத்துணியில் சுற்றி அவன் கையில் வைத்து அழுத்திக்கொண்டே கடித்தவளைத் தேடினேன். சப்பாத்துக் கூடைக்குப் பின்னால், சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள் அல்சூ. நாலு வயது. அழவில்லை. ஒரு சோடித் தோல் சப்பாத்தை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப்பிடித்திருந்தாள். சிவப்பு, பச்சை, மஞ்சள் தோல் துண்டுகளைப் பூவும் கொடியுமாகப் பொருத்தித் தைத்தது. அடி தடிப்பில்லாமல் மெத்தென்று இருக்கும்.

நான் போய் அதை இழுத்து எடுத்தேன். சும்மா தந்துவிடவில்லை. விரல் விரலாகப் பிரிக்கவேண்டியிருந்தது. ‘ஸே தா தூ லு மோந்த், அல்சூ’ என்றேன். இது எல்லாருக்கும் பொது என்று பிரெஞ்சில் சொல்வது அது. சொல்லிவிட்டுச் சப்பாத்தைக் கூடைக்குள் போட்டேன்.

அவள் என்னைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னாள். பிரெஞ்சும் இல்லை, இங்கிலிசும் இல்லை. அந்தச் சொல் விளங்க எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. விளங்கிய பிறகு, ஏன்தான் விளங்கியதோ என்று ஆகிவிட்டது.

வீட்டில் இருக்கிற ஆளா நான்

போன வாரம் நான் வேலை செய்த கையுறைத் தொழிற்சாலையை இழுத்து மூடிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர், பிறகு வீட்டோடு இருந்துவிட்டீர்களா என்று கேட்டு எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி. திருகோணமலையில் என் அம்மா என்னைத் திட்டும்போதெல்லாம், இவளுக்கு உள்ளங்காலில் சக்கரம் என்றுதான் தொடங்குவா.

மொன்றியலில், செயின்ட் மிஷேலில், எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரம் போனால் ஒரு கார்டெரி இருந்தது. பிள்ளைகளைப் பகலில் விட்டுவிட்டுப் போகிற காப்பகம். அங்கே சமையல் பத்மாக்கா. யாழ்ப்பாணத்து ஆள், வாய் கொஞ்சம் நீளம், உதவுகிற கை அதைவிட நீளம். அவர்தான் பொறுப்பாளர் மதாம் ஜினெட்டிடம் என்னைக் கூட்டிப்போய் நிறுத்தினார். உதவி ஆளாக எடுத்தார்கள். மூன்று மாதம் பார்ப்பார்கள், சரிவந்தால் நிரந்தரம், சரிவராவிட்டால் வந்த வழி.

அந்த மூன்று மாதமும் பனிக்காலம். பனிக்காலத்துக் கார்டெரி என்றால் பாதி வேலை காலோடுதான். பதினாறு பிள்ளைகளுக்கு முப்பத்திரண்டு பனிச்சப்பாத்து. வாசலில் கழற்றி, வீட்டுக்குள் போடுகிற சப்பாத்தை மாட்டி, வெளியே விளையாடப் போகும்போது மறுபடி கழற்றி, மறுபடி மாட்டி. முதல் கிழமை முடிய என் இடுப்பு என்னுடையதாக இருக்கவில்லை.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொளுக்கி, கீழே ஒரு சின்னப் பெட்டி. கொண்டுவருகிற எல்லாவற்றிலும் பெயர் ஒட்டியிருக்கவேண்டும். பெயர் இல்லாதது வெள்ளிக்கிழமை பின்னேரம் வாசல் கூடைக்குள் போகும். சப்பாத்து மறந்து வந்த பிள்ளைகள் அதிலிருந்து எடுத்துப் போடலாம். கூடைக்குள் போனதெல்லாம் பொது. ‘என்ர, என்ர’ என்று பிள்ளைகள் பிடுங்குப்படக் கூடாது என்பது மதாம் ஜினெட்டின் கொள்கை. நல்ல மனுசி. ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

அல்சூ ஜெரெமியைக் கடித்தது மூன்றாவது கடி. மூன்றும் என் கண் முன்னால், மூன்றுக்கும் சம்பவப் பத்திரத்தில் என் கையெழுத்து. மற்றப் பெற்றோர் முறைப்பாடு கொடுத்துவிட்டார்கள். பிள்ளையை நிறுத்தப்போவதாக மதாம் ஜினெட் சொன்னார்.

அல்சூவின் தாய் ரெஸேதாவுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயதுதான் இருக்கும். துணி வெளுக்கும் தொழிற்சாலையில் வேலை. காலையில் பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு, கோட்டின் பொத்தானைப் போட்டபடியே பஸ்ஸுக்கு ஓடுவாள். இங்கே இடம் போனால் அவளுக்கு வேலையும் போகும். பிள்ளையைப் பார்க்க வேறு ஆள் கிடையாது.

எனக்கு இரண்டு கிழமை தாருங்கள் என்று கேட்டேன். நான் பிடித்தால் உடும்புப் பிடி என்று மதாம் ஜினெட்டுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி என்றார்.

பஸ் தரிப்பிடப் பள்ளிக்கூடம்

ரெஸேதாவும் அல்சூவும் தத்தார் ஆட்கள். ரஷ்யாவுக்குள்ளே, வோல்கா ஆற்றுக் கரையில், கசான் என்றொரு நகரம். அங்கே ரஷ்ய மொழியோடு சொந்தமாக வேறு ஒரு மொழியும் உண்டு. அதைத்தான் வீட்டில் பேசினார்கள். அல்சூவுக்கு அந்த ஒன்றுதான் வாயில் வந்தது. மொன்றியலுக்கு வந்து ஆறு மாதமாகியும் பிரெஞ்சு அவள் காதுக்குள் போனதே தவிர வெளியே வரவில்லை.

அப்போ நான்தான் அங்கே போகவேண்டும் என்று முடிவெடுத்தேன்.

ஐந்து மணிக்கு எனக்கு வேலை முடியும். அதே நேரம் ரெஸேதா பிள்ளையை எடுக்க வருவாள். மூன்று பேருக்கும் ஒரே பஸ். அது வர எப்படியும் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். தெப்பனர் என்கிற மூலைக்கடையின் கண்ணாடிச் சுவரோடு ஒதுங்கி நின்றுகொண்டு, ஒரு நீலக் கொப்பியில் தத்தார் எழுதத் தொடங்கினேன். குளிரில் பேனை மை உறைந்துபோகும். பென்சிலுக்கு மாறினேன்.

முதலில் ‘கடிக்காதே’ என்பதைத்தான் கேட்டேன். ரெஸேதா தலையை ஆட்டினாள். அதை அவள் தினமும் சொல்லுகிறாளாம். பிள்ளைக்குக் கேட்டுப் புளித்துவிட்டதாம். அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சும் எனக்குத் தெரிந்த பிரெஞ்சும் சேர்ந்தால் ஒரு முழு ஆளின் பிரெஞ்சு வராது. ஆனாலும் விளங்கிக்கொண்டோம். சண்டை பொருளுக்குத்தானே வருகிறது, அப்போ என்னுடையது, உன்னுடையது, இதைச் சொல்லித் தா என்றேன்.

அவள் கையுறையைக் கழற்றிக் கையை நீட்டினாள். ‘குல்’ என்றால் கை. ‘மினெம் குலும்’ என் கை. ‘சினெங் குலுங்’ உன் கை. ‘அனுங் குலு’ அவளுடைய கை. நடுவில் நின்ற அல்சூவின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். அல்சூ கையை இழுத்துச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டாள்.

இதில் ஒரு விசயம் கவனித்தேன். அவர்கள் உடையவரிலும் ஒரு அடையாளம் வைக்கிறார்கள், பொருளிலும் ஒரு அடையாளம் வைக்கிறார்கள். என்னுடைய என்று முன்னால் சொன்ன பிறகும், கையின் வாலில் ஒரு ‘உம்’ ஒட்டினால்தான் அது என் கை. நாங்கள் ஒரு பக்கம் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். தத்தார்க்காரருக்கு அது போதாது.

கடைசியில் வருகிற அந்த உகரம் எனக்குச் சுகமாக வந்தது. ‘பாட்டு’ என்று சொல்லி முடிக்கும்போது வாயை முழுக்கக் குவிக்காமல் விடுகிறோமே, ஏறக்குறைய அதுதான். சொல்லின் முடிவில் தனியாக நிற்கிற ‘ங்’ தமிழில் இல்லை, ஆனால் ‘மாங்காய்’ சொல்லிப் பழகிய வாய்க்கு அதுவும் சிரமமாக இருக்கவில்லை. தமிழ் எழுத்தில்தான் குறிப்பெடுத்தேன். ‘ப’ ஒன்றுதானே எங்களிடம் இருக்கிறது, அடிவயிற்றிலிருந்து வருகிற ‘ப’வுக்குக் கீழே ஒரு கோடு இழுத்துவைத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நான் கனடா வந்த வருடம் பிரெஞ்சு வகுப்பில் என்னைக் கொன்ற சொல் ‘ஷே’. என்னிடம் இருக்கிறது என்பது அது. பசியைக்கூட அவர்கள் வைத்திருப்பார்கள், வயதையும் வைத்திருப்பார்கள். எனக்கு இருக்கு, எனக்கு இல்லை என்று வளர்ந்த வாய்க்கு அது ஏறவே இல்லை. தத்தாரில் அந்தத் தொல்லை கிடையாது. ‘பார்’ என்றால் இருக்கு. ‘யுக்’ என்றால் இல்லை. ‘மினெம் குஸும் பார்’ என்றாள் ரெஸேதா. எனக்கு மகள் இருக்கிறாள்.

பிறகு, நான் கேட்காமலே இன்னொன்றும் சொன்னாள். ‘அல்சூனுங் எத்திசெ யுக்.’ அல்சூவுக்கு அப்பா இல்லை. செத்துப்போனாரா, விட்டுப்போனாரா என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன், என்ன செய்வது.

வீட்டில் என் மூத்தவள் ரம்யா சிரித்தாள். அப்போது அவளுக்குப் பதினாலு வயது. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில்தான் பதில் வரும். ‘அம்மா கொப்பியில் வீட்டுப்பாடம் செய்கிறா’ என்று தம்பிக்குச் சொன்னாள், அதையும் பிரெஞ்சில்தான். ஆனால் இரண்டு நாளில் பள்ளிக்கூடக் கணினியிலிருந்து மூன்று தாள் அச்செடுத்துவந்து மேசையில் வைத்தாள். தத்தார் மொழியில் உடைமையைச் சொல்வது எப்படி, புதிதாகப் படிப்பவர்களுக்கு. ஆங்கிலத்தில் இருந்ததைப் பக்கத்தில் இருந்து வாசித்துத் தமிழில் சொன்னாள். தமிழில்! அந்த மூன்று தாளுக்கும் நான் கோயில் கட்டியிருப்பேன்.

அந்தத் தாளில்தான் நான் தேடிய சொல் இருந்தது. பொருளின் பெயரைச் சொல்லாமல், வெறுமனே ‘என்னுடையது’ என்று சொல்ல ஒரு சொல். ‘மினெகெ.’

கூடைக்குப் பின்னால் நின்று அல்சூ சொன்னது அதுதான். அப்போதும் மரமண்டைக்கு ஏறவில்லை. எல்லாப் பிள்ளையும்தானே எதைக் கண்டாலும் என்ர என்கிறது என்று நினைத்துக்கொண்டு நித்திரைக்குப் போனேன்.

கூடையைக் கவிழ்த்தது

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை, மற்றப் பிள்ளைகள் பனியில் விளையாடப் போனார்கள். அல்சூவுக்குத் தடிமன். அவளை நான் உள்ளே வைத்துக்கொண்டேன்.

சப்பாத்துக் கூடையைத் தரையில் கவிழ்த்தேன். ரம்யாவின் தாளில் இருந்த கேள்வி ஒன்றை மனனம் செய்து வைத்திருந்தேன். ‘பு கெம்னெகெ?’ இது யாருடையது? முதலில் என் காலில் கிடந்ததையே கழற்றிக் காட்டி, ‘மினெகெ’ என்று நானே பதிலும் சொன்னேன்.

அல்சூ என் வாயைப் பார்த்தாள். அந்தக் கட்டடத்துக்குள் அவளுடைய மொழியில் யாரும் அதுவரை ஒரு சொல் சொன்னதில்லை. மெல்ல நகர்ந்து வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

பெட்டிகளுக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு செருப்பை எடுத்தேன். ‘பு கெம்னெகெ?’ அவள் குனிந்து பார்த்தாள். ‘ஜெரெமினெகெ.’ ஜெரெமியுடையது. சரிதான், பெயர் ஒட்டியிருந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. எந்தச் சப்பாத்து எந்தப் பிள்ளையுடையது என்று ஒன்று விடாமல் அவளுக்குத் தெரிந்திருந்தது. தன்னுடையது என்று பிறத்தியாருடைய ஒன்றைக்கூட அவள் கேட்கவில்லை.

அப்போதே எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது.

கடைசியாகப் பூப்போட்ட தோல் சப்பாத்தை எடுத்தேன். கேள்வி கேட்க முன்னமே சொன்னாள். ‘மினெகெ. மினெம் சித்தெகெம்.’ சித்தெக் என்பது அந்தச் சப்பாத்தின் பெயர். என்னுடைய சித்தெக். காலை நீட்டினாள். போட்டுவிட்டேன். கச்சிதமாக இருந்தது. பிறகு ஒரு விரலை என் முகத்துக்கு நேரே நீட்டிச் சொன்னாள்: ‘சினெகெ துகெல்.’ உன்னுடையது இல்லை.

எனக்கு எல்லாம் ஒரேயடியாக நினைவு வந்தது. அவள் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை. பெட்டிகளைத் துடைத்தது நான். ஒரு பெட்டிக்குள் பெயர் ஒட்டாமல் கிடந்தது இந்தச் சோடி. அடிகூட ஒழுங்காக இல்லையே, நாடகத்துக்குப் போடுகிற சாமான் போல என்று நினைத்துக் கூடைக்குள் எறிந்தவள் நானேதான். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அந்தப் பிள்ளை தன் சப்பாத்தைக் கூடையிலிருந்து தேடி எடுத்திருக்கிறாள். வேறு பிள்ளை முந்திக்கொண்ட நாளில் கடித்திருக்கிறாள். அவள் மீட்டு வைத்திருந்ததை மூன்று தரமும் விரல் பிரித்துப் பிடுங்கி, இது எல்லாருக்கும் பொது என்று புத்தி சொன்னதும் நான்தான்.

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

பத்மாக்காவின் புத்தி

அன்றைக்குப் பின்னேரம் பஸ் தரிப்பிடத்தில் ரெஸேதாவிடம் சித்தெக்கைப் பற்றிக் கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு. கசானிலிருந்து கொண்டுவந்ததாம். தோலை வெட்டி வெட்டிப் பொருத்துகிற வேலையாம். பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறதுதானே என்று கேட்டாள். ‘பார்’ என்றேன். இருக்கு. பொய் இல்லை, ஆனால் உண்மையும் இல்லை. அதற்கு மேல் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பஸ் வந்ததைச் சாட்டாக வைத்து முந்தி ஏறி, தள்ளிப்போய் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் சமையலறையில் பத்மாக்காவிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் கரட் சீவுவதை நிறுத்தவில்லை. மூன்று மாதம் முடிய உனக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு என்று ஞாபகப்படுத்தினார். உன்னைக் கூட்டிவந்தது நான், என் முகத்தையும் கொஞ்சம் நினை என்றும் சொன்னார்.

“சப்பாத்தை அவளின்ர பெட்டிக்குள்ள வைச்சுவிட்டுப் பேசாமல் இரு. ஆருக்குத் தெரியப்போகுது?”

“அந்தப் பிள்ளைக்குத் தெரியும், அக்கா.”

“அது நாலு வயசுப் பிள்ளை. அது ஆருக்குச் சொல்லும்?”

அதுதானே என் பிரச்சினையே. அவளால் ஒருவருக்கும் சொல்ல முடியாது. சொல்லக்கூடிய இடத்தில் இருந்தவள் நான் ஒருத்தி.

பத்மாக்கா பொல்லாதவர் இல்லை. தொழிற்சாலை மூடிய பிறகு என் வீடு எப்படி ஓடியது என்று தெரிந்தவர். அன்றிரவு எனக்கும் அதுவே மண்டைக்குள் ஓடியது. ஆனால் சப்பாத்தைப் பெட்டிக்குள் வைத்தால் இனிமேல் கடி நிற்கும், நடந்த கடி அழியாது. மூன்று பத்திரமும் மேசையில் இருக்கும், பிள்ளை வெளியே போகும். விடிய எழும்பும்போது முடிவெடுத்திருந்தேன்.

வெள்ளி பின்னேரம்

மதாம் ஜினெட்டின் அறையில் மூன்று கதிரைதான். ரெஸேதா கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். அல்சூ தரையில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். எனக்குக் கொஞ்சம் தத்தார் தெரியும் என்பதால் உதவிக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

மதாம் ஜினெட் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத்தான் பேசினார். வருந்துகிறோம், மற்றப் பிள்ளைகளின் பாதுகாப்பு, திங்கட்கிழமையிலிருந்து இடமில்லை. ரெஸேதா எல்லாவற்றுக்கும் ‘வுய், வுய்’ என்று தலையாட்டினாள். விளங்காதபோதுதான் அப்படி ஆம் போடுவாள். நானும் ஒரு காலத்தில் போட்டிருக்கிறேன்.

நான் சித்தெக்கை மேசையில், அந்த மூன்று பத்திரத்துக்கும் மேலே வைத்தேன். ‘ஸே மா ஃபோத்’ என்றேன். என் பிழை. பிறகு முதல் வெள்ளிக்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் பிரெஞ்சில் இலக்கணம் அன்றைக்குச் செத்தே போயிருக்கும். விட்டுவிடவில்லை, முடிவு வரைக்கும் சொன்னேன்.

மதாம் ஜினெட் சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எப்போது தெரிந்தது உனக்கு?”

“புதன்கிழமை.”

“இன்றைக்கு வெள்ளி.”

“ஓம்” என்று வாய் தவறித் தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு அது விளங்கிவிட்டது.

மதாம் ஜினெட் மூன்று பத்திரங்களையும் எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார். கடித்தது கடித்ததுதான், அதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும், ஆனால் பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்றார். என் மூன்று மாதத்தைத் திங்கட்கிழமை முதலாம் நாளிலிருந்து மறுபடி எண்ணுவோம் என்றார். நன்றி சொன்னேன்.

ரெஸேதா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவும் தன் பிள்ளையைப் பற்றி, ஒன்றும் விளங்கவில்லை அவளுக்கு.

பிழை என்பதற்குத் தத்தாரில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. கை, கால், பால், சப்பாத்து என்று படித்தவள் நான். அந்தச் சொல்லை நான் கேட்கவில்லை, அவளும் சொல்லித் தரவில்லை. சித்தெக்கைக் கையில் எடுத்தேன். அல்சூவின் பெட்டி இருந்த பக்கத்தைக் காட்டினேன். அதற்குள்ளிருந்து எடுத்துக் கூடைக்குள் எறிகிறமாதிரி செய்து காட்டினேன். என் பல்லைக் காட்டி, என் கையைக் கடிக்கிறமாதிரியும் காட்டினேன்.

“அல்சூனுகு துகெல்” என்றேன். அல்சூவினுடையது இல்லை. நெஞ்சில் கையை வைத்தேன். “மினெகெ.”

ரெஸேதா சப்பாத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எழுந்தாள்.

இரண்டு கிழமையாக என்னோடு அவள் ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி, சிரித்துச் சிரித்துத்தான் பேசியிருக்கிறாள். அன்றைக்கு முழு வேகத்தில் பேசினாள். கண்ணில் தண்ணீர் வழிய, மூச்சு விடாமல், தன் மொழியில் என்னைக் கிழித்துப் போட்டாள். இரண்டு கிழமையும் தன் பிள்ளையைத் தானே அடக்கத் தெரியாதவள் என்று தலை குனிந்து நின்ற தாய் அவள். மதாம் ஜினெட் தடுக்க வாயெடுத்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

பத்துச் சொல்லில் ஒன்றுகூட எனக்கு விளங்கவில்லை. நின்ற இடத்தில் நின்று, கடைசிச் சொல் வரைக்கும் கேட்டேன். அது எனக்கு வரவேண்டியது.